வட்டத்துண்டு முதல் அதிபரவளையம் வரை: வளைவுகளின் பெயருக்குள் இருக்கும் விதி

வாசுகி_செங்காங் | ஞாயிறு, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். மகள் உயர்நிலை 3, மகன் தொடக்கநிலை 6. இரண்டு பேருக்கும் இப்போது வளைவுகள்தான் பாடம். இங்கே சிங்கப்பூரில் பள்ளியில் ஆங்கிலத்தில் நடத்துகிறார்கள். வீட்டில் நான் தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்களும் தமிழில்தான் கேட்கிறார்கள். பெயர்களை எல்லாம் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். ஆனால் ஒரு படத்தைக் காட்டி இது செக்டரா, செக்மெண்டா என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். மகளுக்கு வேறு சந்தேகங்களும் இருக்கின்றன. யூ மாதிரி வளைந்த எல்லாமே பரபோலாவா? ஓவலும் எலிப்ஸும் ஒன்றா?

படத்தைப் பார்த்து அடையாளம் சொல்வது வேண்டாம். இந்தப் பெயர் என்றால் அதற்குள் இன்ன விதி இருக்கிறது என்று புரியவைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

கரும்பலகை | ஞாயிறு, இரவு 10.05

வட்டத்திலிருந்தே தொடங்குங்கள் வாசுகி. நான் வகுப்பில் நின்ற காலம் முழுக்க முதலில் கேட்டது இதைத்தான்: வட்டம் என்பது கோடா, பரப்பா? ஒரு மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் வட்டம். அப்படிப் பார்த்தால் அது வெறும் கோடு, உள்ளே ஒன்றும் கிடையாது. "வட்டத்தின் பரப்பளவு" என்று நாம் சொல்லும்போது அந்தக் கோட்டுக்குள் அடங்கிய தட்டின் பரப்பைச் சொல்கிறோம். பிள்ளைக்கு இது தெளிவாகிவிட்டால் சுற்றளவையும் பரப்பளவையும் போட்டுக் குழப்பிக்கொள்வது பாதி குறைந்துவிடும்.

அப்புறம் வில், நாண். இவற்றுக்கு விளக்கமே வேண்டாம், பெயரிலேயே படம் இருக்கிறது. வில்லும் நாணும் சேர்ந்து அடைக்கும் இடம் வட்டத்துண்டு, அதாவது செக்மெண்ட். வில்லும் இரண்டு ஆரங்களும் சேர்ந்து அடைக்கும் இடம் வட்டக்கோணப்பகுதி, அதாவது செக்டர். படத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போகச் சொல்லுங்கள். விரல் வில்லை விட்டதும் நேராக மையத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் செக்டர். மையத்தைத் தேடாமல் ஒரே கோட்டில் வில்லின் மறுமுனைக்குப் போனால் செக்மெண்ட். அரைவட்டத்தை மட்டும் கடைசியில் கேளுங்கள். அங்கே இரண்டு ஆரங்களும் ஒரே நேர்கோட்டில் விழுந்து நாணாகவே ஆகிவிடுகின்றன, அதனால் அது செக்டர், செக்மெண்ட் இரண்டும்தான். இதைப் பிள்ளை தானாகச் சொன்னால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தொடக்கநிலை 6 பையனுக்கு ஒரு கணக்கு. 7 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டம். பையை 22/7 என்று எடுத்துக்கொண்டால் வில்லின் நீளம் 11 செ.மீ. சுற்றளவு எவ்வளவு என்று கேட்டால் நிறையப் பேர் 11 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இரண்டு ஆரங்களையும் சேர்த்தால்தான் 25 வரும்.

சுரங்கத்தம்பி | ஞாயிறு, இரவு 10.31

ஐயா, நான் எம்ஆர்டி ரயில் சுரங்க வேலையில் இருக்கிறேன். எங்கள் தளத்தில் செக்மெண்ட் என்று சொன்னால் கான்கிரீட் துண்டுதான். துளைக்கும் இயந்திரம் முன்னே போகப் போக, பின்னால் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி ஒரு முழு வளையம் ஆக்குவோம். அதில் வில் இருக்கிறது, ஆனால் நாணும் இல்லை, மையம் வரை போகிற ஆரமும் இல்லை. அப்படியானால் அது எந்த வகையில் சேரும்?

கரும்பலகை | ஞாயிறு, இரவு 10.58

இரண்டிலும் சேராது தம்பி. ஒரே மையத்தில் ஒரு பெரிய வட்டம், ஒரு சின்ன வட்டம் போட்டால் நடுவில் கிடைப்பது வட்ட வளையம். நீங்கள் பொருத்துகிற துண்டு, முன்னிருந்து பார்த்தால், அந்த வளையத்தின் ஒரு பகுதி. பெரிய செக்டரிலிருந்து அதே கோணமுள்ள சின்ன செக்டரைக் கழித்தால் அதன் பரப்பு கிடைத்துவிடும். தளத்தில் செக்மெண்ட் என்கிற பெயர் 'துண்டு' என்கிற பொதுப் பொருளில் வந்தது. பரீட்சைத் தாளில் அதற்குக் குறிப்பான பொருள் உண்டு. வாசுகியின் மகள் பின்னாளில் பொறியியல் படிக்கப் போனால் இரண்டையும் பார்ப்பாள்.

யாழ்_உட்லண்ட்ஸ் | திங்கள், காலை 7.20

ஒரு சின்னக் குறிப்பு. நாங்கள் இலங்கையில் ஆரத்தை ஆரை என்றும், செக்டரை ஆரைச்சிறை என்றும், தொடுகோட்டைத் தொடலி என்றும் படித்தோம். பரவளையம், அதாவது பரபோலா, எங்களுக்குப் பரவளைவு. இங்கே இரண்டு நாட்டுப் புத்தகமும் கையில் வைத்திருக்கிற பெற்றோர் இருப்பீர்கள், பிள்ளை வேறு பொருள் என்று நினைத்துவிடக் கூடாது.

பிடோக்வாசி | திங்கள், பகல் 12.44

ஓவலும் எலிப்ஸும் ஒன்றுதானே? நம் விளையாட்டரங்க ஓடுதளத்தைப் பாருங்கள், சுத்தமான நீள்வட்டம். மகளுக்கு அதையே காட்டலாம்.

தடகளம்_கல்லாங் | திங்கள், பிற்பகல் 1.30

இல்லை அண்ணா, ஓடுதளம் நீள்வட்டம் இல்லை. நான் அதில் வருடக்கணக்கில் ஓடியிருக்கிறேன், அளவுகளும் மனப்பாடம். 400 மீட்டர் தளத்தில் இரண்டு பக்கமும் 84.39 மீட்டருக்கு நேர்கோடு. இரண்டு முனையிலும் அரைவட்டம், உள்விளிம்பின் ஆரம் 36.5 மீட்டர். விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளித்தான் முதல் தடத்தின் தூரத்தை அளப்பார்கள், அதனால் கணக்குக்கு ஆரம் 36.8. இரண்டு நேர்கோடும் சேர்ந்து 168.78, இரண்டு அரைவட்டமும் சேர்ந்து 231.22. கூட்டினால் சரியாக 400.

நீள்வட்டத்தில் நேர்கோடு என்று ஓர் அங்குலம்கூட இருக்காது, வளைகிற அளவு ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். ஓடுதளத்தில் நேராக வந்து திடீரென்று வட்டத்துக்குள் நுழைகிறோம். 200 மீட்டர் ஓடுகிறவர்களைக் கேளுங்கள், வளைவு முடிந்து நேர்கோடு தொடங்குகிற இடம் காலுக்குத் தெரியும்.

ஓவல் என்பது ஒரு தோற்றத்தின் பெயர். முட்டை, ஓடுதளம், மேசை என்று எதை வேண்டுமானாலும் அப்படிச் சொல்லலாம். எலிப்ஸ் என்று சொல்லிவிட்டால் ஒரு விதிக்குக் கட்டுப்பட வேண்டும்: உள்ளே குவியங்கள் என்கிற இரண்டு புள்ளிகள், ஓரத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அந்த இரண்டிலிருந்தும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை ஒன்றேதான்.

மரவேலை_ஜூரோங் | திங்கள், இரவு 8.15

அந்தக் கூட்டுத்தொகையை நான் ஆணியும் கம்பியும் வைத்துத் தினமும் பார்க்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குச் சாப்பாட்டு மேசை செய்கிறேன். இப்போது கையில் இருப்பது 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம்.

பலகையில் முதலில் நடுவே ஒரு சிலுவைக்கோடு போடுவேன். அகலக் கோட்டின் முனையில், அதாவது நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி, டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு 90 செ.மீ. அளவை நீளக் கோட்டின் மேல் இரண்டு பக்கமும் தொடவைப்பேன். தொட்ட இடம் இரண்டும்தான் குவியங்கள், ஆணி அடிக்கிற இடம். இந்த மேசைக்கு நடுவிலிருந்து 67 செ.மீ. சற்றுக் கூட வரும். பிறகு இரண்டு ஆணியையும் சுற்றிப் போகிற மாதிரி ஒரு கம்பி வளையம், அதன் நீளம் 180-உடன் ஆணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் கூட்டி ஏறக்குறைய 314 செ.மீ. பென்சிலை வளையத்துக்குள் வைத்து இழுத்துப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் மேசை வந்துவிடும். நூல் வேண்டாம், நைலான் அறவே வேண்டாம், இழுபட்டு முனையில் 1 செ.மீ. வரை விலகும். நான் மெல்லிய எஃகுக் கம்பி வைத்திருக்கிறேன்.

கேள்வி இதுதான். ஓரத்துக்கு எட்ஜிங் பட்டை ஒட்ட வேண்டும், ஒரே துண்டாக, ஒரே ஓர் இணைப்புடன். மரம் வெட்டும் முன்பே பட்டையை வாங்க வேண்டும். வட்டத்துக்குச் சுற்றளவு கண்டுபிடிக்கிற மாதிரி இதற்கு ஒரு சூத்திரம் உண்டா?

பிடோக்வாசி | திங்கள், இரவு 8.40

பாதி நீளத்தையும் பாதி அகலத்தையும் கூட்டிப் பையால் பெருக்கினால் போதும் என்று படித்த ஞாபகம். 150 பெருக்கல் 3.1416, 471 செ.மீ.

கும்பகோணம்_டு_பொங்கோல் | திங்கள், இரவு 9.22

471 வாங்கினால் பட்டை கிட்டத்தட்ட 5 செ.மீ. குறையும். நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு வட்டத்தைப் போலச் சின்னதாக, முழுக்கச் சரியான சூத்திரம் கிடையாது. முடிவில்லாத தொடராகத்தான் எழுத முடியும். ஆனால் ராமானுஜன் 1914-இல் தந்த தோராயம் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி வேலைக்கு அதைவிட நல்லது வேண்டாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவர் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

உங்கள் மேசைக்கே போடுகிறேன். பாதி நீளம் 90, பாதி அகலம் 60. இரண்டையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் 450. இதைத் தனியாக வையுங்கள். அடுத்து, 90-இன் மும்மடங்குடன் 60-ஐக் கூட்டினால் 330. 60-இன் மும்மடங்குடன் 90-ஐக் கூட்டினால் 270. இந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 298.5. இதை 450-இலிருந்து கழித்தால் 151.5. பையால் பெருக்கினால் 476 செ.மீ. உங்கள் அளவுக்கு இதில் உள்ள பிழை ஒரு தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு, ரம்பத்தின் பல் அதைவிட அதிகம் தின்னும். 5 மீட்டர் வாங்குங்கள்.

மரவேலை_ஜூரோங் | திங்கள், இரவு 9.50

நன்றி தம்பி. இதைப் பட்டறைச் சுவரில் எழுதிவைக்கப் போகிறேன்.

வாசுகி_செங்காங் | திங்கள், இரவு 10.10

ஆணி, கம்பி இரண்டையும் மகளிடம் அட்டையிலும் குண்டூசியிலும் செய்துகாட்டினேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பரபோலாவுக்கும் இப்படிக் கையால் செய்கிற வழி இருக்கிறதா? கேம்பல் லேனில் பூக்கடைக்காரர்கள் தொங்கவிட்டிருக்கிற சரத்தைக் காட்டி "இது பரபோலாதானே" என்று கேட்கிறாள்.

கரும்பலகை | செவ்வாய், காலை 6.35

வழி இருக்கிறது. பரவளையத்தின் விதி: ஒரு புள்ளி, ஒரு நேர்கோடு, இரண்டிலிருந்தும் சம தூரம். புள்ளிக்குக் குவியம் என்று பெயர், கோட்டுக்கு இயக்குவரை. ஒரு ஏ4 தாளை எடுத்து, கீழ் விளிம்பிலிருந்து 3 செ.மீ. மேலே நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். கீழ் விளிம்பின் ஏதோ ஓரிடம் அந்தப் புள்ளியின் மேல் படுகிற மாதிரி மடித்து, நகத்தால் அழுத்தி, பிரியுங்கள். விளிம்பை 1 செ.மீ. நகர்த்தி மறுபடி. இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை இப்படியே. மடிப்புகள் எல்லாம் நேர்கோடுகள்தான், ஆனால் அவை தொட்டுக்கொண்டு போகும் இடத்தில் ஒரு பரவளையம் எழுந்து நிற்கும். ஒவ்வொரு மடிப்பும் அதற்குத் தொடுகோடு. தாளை வட்டமாக வெட்டிக்கொண்டு, மையத்தைத் தவிர உள்ளே எங்காவது புள்ளி வைத்து, விளிம்பை அதன்மேல் மடித்தால் அதே முறையில் நீள்வட்டம் வரும்.

சுரங்கத்தம்பி | செவ்வாய், காலை 7.05

பூச்சரம் பரபோலா இல்லை அக்கா. எங்கள் படிப்பில் இதற்காக ஒரு தனிப் பாடமே இருந்தது. அது சங்கிலி வளைவு, கேட்டனரி என்பார்கள். தன் எடையால் மட்டும் தொங்குகிற சரம், சங்கிலி, கம்பி எல்லாம் அந்த வடிவம்தான் எடுக்கும். கலிலியோவே 1638-இல் தொங்கும் சங்கிலி பரவளையத்துக்கு மிக அருகில் வரும் என்று எழுதினார். சரியான சமன்பாடு 1691-இல்தான் வந்தது. லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், ஜோகான் பெர்னூலி மூன்று பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள்.

எடை எங்கே சமமாகப் பரவியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பூச்சரத்தில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரே எடை, சரத்தின் நீளத்தை ஒட்டி எடை பரவியிருக்கிறது. தொங்கு பாலத்திலோ கம்பியைவிடக் கீழே தொங்குகிற நடைதளம்தான் கனம். அது கிடைமட்டத்தில் மீட்டருக்கு மீட்டர் ஒரே எடை. அப்போது கம்பி பரவளையமாகிவிடும்.

பிடோக்வாசி | செவ்வாய், காலை 8.12

கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதானே தெரிகிறது? பரீட்சைக்கு அப்பால் இதைப் பிரித்துப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

சுரங்கத்தம்பி | செவ்வாய், பகல் 12.20

எவ்வளவு தொய்வு என்பதைப் பொறுத்தது அண்ணா. இரண்டு கம்பங்களுக்கு நடுவே 10 மீட்டர், நடுவில் தொய்வு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்வாசி தூரத்தில் பார்த்தால் சங்கிலி வளைவுக்கும் பரவளையத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதே 10 மீட்டர் இடைவெளியில் தொய்வையும் 10 மீட்டராக்கினால் அதே இடத்தில் வித்தியாசம் முக்கால் மீட்டர். சங்கிலி அடியில் அகலமாகத் தட்டையாகி, பக்கங்களில் செங்குத்தாக ஏறும். கம்பி வாங்குகிறவனுக்கும் அதன் இழுவிசையைக் கணக்குப் போடுகிறவனுக்கும் முக்கால் மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

பூச்சரம் ஆழமாகத் தொங்கினால் படம் எடுத்து, அதன்மேல் பரபோலா வரைந்து பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. அடியும் இரண்டு முனையும் பொருந்தும், அடிக்கும் முனைக்கும் இடையில் பொருந்தாது.

தடகளம்_கல்லாங் | செவ்வாய், பிற்பகல் 2.02

யாரும் அதிபரவளையத்தைத் தொடவில்லையே. ஹைபர்போலா என்றால் இரண்டு குவியங்களிலிருந்து உள்ள தூரங்களின் வித்தியாசம் மாறாது. நீள்வட்டத்தில் கூட்டல், இங்கே கழித்தல், அவ்வளவுதான் விதி. வீட்டிலேயே பார்க்கலாம்: மேலும் கீழும் வட்டமாகத் திறந்த மூடி போட்ட மேசை விளக்கைச் சுவரோரம் வைத்தால் சுவரில் விழுகிற வெளிச்சத்தின் ஓரம் அதிபரவளையம்தான். வெளிச்சம் கூம்பாக வருகிறது, சுவர் அந்தக் கூம்பை அச்சுக்கு இணையாக வெட்டுகிறது. டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வட்டம், சாய்த்தால் நீள்வட்டம், இன்னும் சாய்த்துக் கூம்பின் ஓர் ஓரம் சுவருக்கு இணையாகும் அந்த ஒரே நிலையில் பரவளையம், அதையும் தாண்டினால் அதிபரவளையம்.

கரும்பலகை | செவ்வாய், மாலை 5.40

நன்றாகச் சொன்னீர்கள். நம் ஊருக்கென்றே ஓர் அதிபரவளையம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மாடிக் கார்நிறுத்துமிடத்தின் உச்சித் தளத்தில் 1 மீட்டர் குச்சி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலின் நுனியை அரைமணி நேரத்துக்கு ஒரு தடவை சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வாருங்கள். ஜூன் 21 வாக்கில் செய்தால் புள்ளிகள் குச்சிக்குத் தெற்கே ஓர் அதிபரவளையத்தின் கிளையாக வரிசைப்படும். நிழல் மிகவும் குறுகும் நேரம் நமக்கு 12 மணி இல்லை, பிற்பகல் ஒன்றைச் சற்றுத் தாண்டி. அப்போது நுனி குச்சியிலிருந்து ஏறக்குறைய 41 செ.மீ. தள்ளி இருக்கும். டிசம்பர் 22 வாக்கில் வளைவு வடக்குப் பக்கம் மாறிவிடும், தூரம் 46 செ.மீ. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றேகால் பாகை சொச்சம் தள்ளி இருப்பதால்தான் அந்த 5 செ.மீ. வித்தியாசம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகிற நாளில் வளைவே இருக்காது, புள்ளிகள் நேர்கோட்டில் விழும். சூரியன் ஒரு நாளில் வானத்தில் வரைகிற கூம்பைத் தரை வெட்டுகிறது, அதுதான் காரணம்.

வாசுகி_செங்காங் | செவ்வாய், இரவு 9.30

ஜூன் விடுமுறையில் இதைக் கட்டாயம் செய்வோம் ஐயா, மழை விட்டால் போதும். இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். மரினா பேயில் எஃகுக் குழாய்கள் சுற்றிச் சுற்றிப் போகிற ஹெலிக்ஸ் பாலத்தைக் காட்டி மகன் "ஸ்பைரல்" என்கிறான். சரியா?

சுரங்கத்தம்பி | செவ்வாய், இரவு 9.47

பாலத்தின் பெயரிலேயே பதில் இருக்கிறது அக்கா. ஸ்பைரல் என்றால் மையத்திலிருந்து விலகிக்கொண்டே போகிற தட்டையான சுருள், கொசுவத்தியைப் போல. ஹெலிக்ஸ் என்றால் அச்சிலிருந்து ஒரே தூரத்தில் சுற்றிக்கொண்டே முன்னேறுவது, திருகாணியின் புரியைப் போல. பழைய கடைவீடுகளின் பின்புறம் இருக்கிற சுற்றுப்படியை எல்லாரும் ஸ்பைரல் என்றுதான் சொல்கிறார்கள், கணக்குப்படி அது ஹெலிக்ஸ்.

கரும்பலகை | புதன், காலை 6.50

மகள் உயர்நிலை 3 என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், பாடப்புத்தகத்தில் இது இருக்காது. வட்டங்கள் எல்லாம் ஒரே வடிவம், அளவுதான் வேறு. பரவளையங்களும் அப்படித்தான், எல்லாமே ஒரே வடிவம். 'எக்ஸ் வர்க்கம்' என்கிற கோடு அகலமாகவும் 'நான்கு எக்ஸ் வர்க்கம்' ஒல்லியாகவும் தெரிவது, ஒரே வளைவைத் தூரத்திலும் பக்கத்திலும் நின்று பார்ப்பதால்தான். முதலாவதை 1 அலகுக்கு 1 செ.மீ. வைத்து ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள், இரண்டாவதை 1 அலகுக்கு 4 செ.மீ. வைத்து இன்னொரு தாளில்.

வாசுகி_செங்காங் | புதன், இரவு 8.55

வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தோம். ஒரு கோடுதான் தெரிகிறது. மகள் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்: அப்படியானால் எலிப்ஸும் எல்லாம் ஒன்றா?

கரும்பலகை | புதன், இரவு 9.20

இல்லை. நீள்வட்டத்துக்கு மையத்தொலைத்தகவு என்று ஓர் எண் உண்டு. நடுவிலிருந்து குவியம் வரை உள்ள தூரத்தைப் பாதி நீளத்தால் வகுத்தால் கிடைப்பது. வட்டத்துக்கு அது 0, பரவளையத்துக்கு எப்போதும் 1, அதிபரவளையத்துக்கு 1-க்கு மேல். நீள்வட்டத்துக்கு 0-க்கும் 1-க்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். பூமியின் பாதைக்கு 0.017, பார்த்தால் வட்டமென்றே நினைப்போம். ஹேலி வால்நட்சத்திரத்தின் பாதைக்கு 0.967, அவ்வளவு ஒடுங்கியது. ஜூரோங் அண்ணனின் மேசைக்கு 67-ஐ 90-ஆல் வகுத்தால் 0.745. 180-க்கு 90 என்று இன்னொரு மேசை செய்தால் 0.866 வரும். அந்த இரண்டையும் எந்த அளவில் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது.